சட்டையைக் கொடுத்துவிடுகிறவளும் வீடியோ பார்க்கிறவனும்

குடியாத்தத்தில் குறும்படம் எடுக்க முனைந்திருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “‘ராபிட் ஹோல்’ என்ற அமெரிக்கப் படம் பார்த்தேன். நான்கு வயதுப் பிள்ளையை விபத்தில் பறிகொடுத்த கணவன் மனைவி. அவள் பிள்ளையின் துணிமணிகளைக் கொடுத்துவிடுகிறாள். அவன் பிள்ளையின் வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறான். இருவரில் யாருக்குப் பாசம் அதிகம்? பிள்ளை போனால் பெரும்பாலான தம்பதிகள் பிரிந்துவிடுவார்கள் என்கிறார்களே, உண்மையா? இதே கதையை எங்கள் ஊரில் வைத்து, துக்கத்தின் ஐந்து கட்டங்களை ஐந்து காட்சிகளாக எழுதலாம் என்றிருக்கிறேன். சரிவருமா?”

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன், பதில் சின்னது என்பதால். சரிவராது.

மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்ற அந்த ஐந்தையும் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் எழுதியது சாகக் கிடந்த நோயாளிகளைப் பற்றி. தனக்குச் சாவு வரப்போகிறது என்று தெரிந்தவர்களிடம் அவர் பேசிப் பார்த்துக் கண்டது அது. அதைப் பிறகு சாவு வீட்டில் மிஞ்சியவர்களுக்கும் அளவெடுக்காமல் மாட்டிவிட்டார்கள். வேலூரில் இருபத்தெட்டு ஆண்டுகள் மனநல ஆலோசகராக உட்கார்ந்திருந்தேன். படி ஏறுவதுபோல் ஒன்று, இரண்டு, மூன்று என்று துக்கப்பட்ட ஒருவரையும் நான் பார்த்ததில்லை. காலையில் ‘ஏற்பு’, மதியம் ‘கோபம்’, ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பிள்ளையின் செருப்பைத் தேடிக்கொண்டு ‘மறுப்பு’. ஐந்து காட்சி எழுதினால் பாடப்புத்தகம்தான் கிடைக்கும்.

இப்போது முதல் கேள்வி. அது தவறான கேள்வி. ஆனால் அந்தத் தம்பதியே ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி என்பதால் நல்ல கேள்வியும்கூட.

படத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 2010இல் வந்தது. ஜான் கேமரூன் மிட்செல் இயக்கம். டேவிட் லிண்ட்சே-அபேர் எழுதி 2007இல் புலிட்சர் பரிசு பெற்ற நாடகத்தை அவரே திரைக்கதையாக்கினார். பெக்காவாக நிக்கோல் கிட்மேன், ஹவியாக ஆரோன் எக்கார்ட். பிள்ளை டேனி, நாயைத் துரத்திக்கொண்டு தெருவுக்கு ஓடி, பள்ளிக்கூடப் பையன் ஒருவன் ஓட்டிவந்த காரில் அடிபட்டு இறந்து எட்டு மாதம் ஆகிறது. படம் அங்கேதான் தொடங்குகிறது. ஆஸ்பத்திரி, அடக்கம், அலறல் எதுவும் கிடையாது. முதல் காட்சியில் அவள் தோட்டத்தில் செடி நட்டுக்கொண்டிருக்கிறாள்.

மேலோட்டமாகப் பார்த்தால் அவள் அழிக்கிறாள், அவன் காக்கிறான். துணிகளை அப்புறப்படுத்துகிறாள். கருவுற்றிருக்கும் தங்கையிடமே அவற்றை நீட்டுகிறாள். வீட்டை விற்றுவிடலாம் என்கிறாள். அவன் கைப்பேசியில் இருந்த டேனியின் வீடியோ அவள் கை பட்டு அழிந்துபோக, வேண்டுமென்றே செய்தாய் என்று வெடிக்கிறான். பார்ப்பவர்கள் அந்த இடத்தில் கட்சி பிரிந்துவிடுவார்கள். நானும் முதல் தடவை பார்த்தபோது அவன் கட்சிதான்.

இரண்டாம் தடவை பார்த்தபோதுதான் ஒன்று பிடிபட்டது. எல்லாவற்றையும் காக்கிறவன்தான் இன்னொரு பிள்ளை பெற்றுக்கொள்ளலாம் என்று கேட்கிறான். எல்லாவற்றையும் தூக்கிக் கொடுக்கிறவள்தான், காரை ஓட்டிய அந்தப் பையனைத் தேடிப் பின்தொடர்ந்து போய், பூங்காவில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறாள். புருஷனுக்குச் சொல்லாமல். யார் மறக்கிறார்கள், யார் நினைக்கிறார்கள்? வீட்டில் காயத்தை மூடி வைத்திருப்பவள் வெளியே போய் அதைத் தொட்டுப் பார்க்கிறாள். வீட்டில் காயத்தைத் திறந்து வைத்திருப்பவன் அதை மூட வழி தேடுகிறான்.

இதற்கு ஆய்வுலகில் ஒரு விளக்கம் உண்டு. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்கரெட் ஸ்ட்ரோபேயும் ஹெங்க் ஷுட்டும் 1999இல் எழுதினார்கள்: துக்கப்படுகிறவர் இரண்டு பக்கத்துக்கு நடுவே போய்ப் போய் வருகிறார். ஒரு பக்கம் இழந்ததை நினைத்து அழுவது, படத்தை எடுத்துப் பார்ப்பது. மறுபக்கம் அரிசி வாங்குவது, வேலைக்குப் போவது, புதிதாய் எதையாவது தொடங்குவது. நான் என் வகுப்புகளில் இதை ‘இழப்பின் பக்கம், பிழைப்பின் பக்கம்’ என்று சொல்லிவந்தேன். ஊஞ்சல்போல ஆடிக்கொண்டிருப்பதுதான் ஆரோக்கியம். ஒரே பக்கத்தில் நின்றுவிட்டால்தான் சிக்கல்.

ஒரு ஆளுக்கு இது சரி. ஒரு வீட்டில் இரண்டு ஊஞ்சல் இருந்தால்? அவள் பிழைப்பின் பக்கம் வரும் நேரத்தில் அவன் இழப்பின் பக்கம் போய்விடுகிறான். அவள் இன்றைக்கு எப்படியோ எழுந்து தலை வாரிக்கொண்டு சமைத்து வைத்திருக்கிறாள். அவன் அன்றைக்குப் பார்த்துத்தான் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உடைந்துபோவான். ‘இப்போதுதான் கொஞ்சம் மூச்சு விட்டேன், அதற்குள்ளே…’ என்று அவளுக்கு எரிச்சல். ‘எப்படி இவளால் குழம்பு வைக்க முடிகிறது’ என்று அவனுக்கு. துக்கத்தின் அளவில் பிசகு இல்லை, வேளையில்தான். படம் இதை வசனமாகச் சொல்லாமல், இருவரையும் ஒரே சட்டகத்தில் வைத்து வேறு வேறு வேலை செய்யவிட்டுக் காட்டுகிறது. நீங்கள் அங்கே திருட வேண்டியது இந்த ஒன்றைத்தான்.

இரண்டாவது கேள்வி, பிரிவு. பிள்ளையை இழந்த தம்பதிகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பிரிகிறார்கள் என்று பலர் அடித்துச் சொல்வார்கள். 1977இல் அமெரிக்காவில் வெளியான ஒரு புத்தகம், தொண்ணூறு சதவீதம் வரை தம்பதிகள் சில மாதங்களுக்குள் கடும் மணவாழ்க்கைச் சிக்கலில் விழுகிறார்கள் என்று எழுதியது. சிக்கல் என்று எழுதியது வாய் மாறி வாய் மாறி விவாகரத்து ஆகிவிட்டது. பிள்ளையை இழந்த பெற்றோருக்காகவே 1969இல் இங்கிலாந்தில் தொடங்கிய ‘கம்பேஷனேட் ஃபிரண்ட்ஸ்’ அமைப்பின் அமெரிக்கக் கிளை 1999இல் கணக்கெடுத்தபோது விவாகரத்து 12 சதவீதம். 2006இல் மறுபடி எடுத்தபோது 16. அந்த அமைப்போடு தொடர்பில் இருந்தவர்களிடம் கேட்டது என்பதால் உலகத்துக்கே பொருந்தும் கணக்கு என்று தூக்கிப் பிடிக்க மாட்டேன். ஆனால் தொண்ணூறு எங்கே, பதினாறு எங்கே.

நம் பக்கத்தில் பிரிவு வேறு மாதிரி வரும். ‘அம்மா வீட்டுக்குக் கொஞ்ச நாள் போயிருக்கிறாள்’ என்ற ஒரு வாக்கியத்துக்குள் ஒரு வருடம் ஒளிந்திருக்கும். வக்கீலைப் பார்க்க மாட்டார்கள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு பிள்ளைகள் மூலமாக, மாமியார் மூலமாகப் பேசிக்கொள்வார்கள். ‘அவரைச் சாப்பிட வரச் சொல்.’ ‘பால்காரனுக்குக் காசு கொடுத்தாயிற்றா என்று உங்கள் அம்மாவைக் கேள்.’ இதை எந்தக் கணக்கெடுப்பும் பிடிக்காது. கேமரா பிடிக்கும்.

என் அக்கா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். தொழிலில் கேட்டவற்றை வெளியே சொல்ல எனக்கு உரிமை இல்லை. இது என் வீட்டுக் கதை. அக்காவைப் பள்ளிகொண்டாவில் கொடுத்திருந்தோம். மாமா வேலூரில் ஒரு வெல்ல மண்டியில் கணக்கு எழுதினார். 1981இல் அவர்களுடைய ஆறு வயது மகன் மூளைக் காய்ச்சலில் நான்கு நாளில் போய்விட்டான். பாலாற்றங்கரையில் புதைத்தோம். நான்காம் நாள் மாமா காலை பஸ்ஸைப் பிடித்து மண்டிக்குப் போய்விட்டார். அக்கா அதை மன்னிக்கவில்லை. ‘மூட்டைக் கணக்கு அவருக்குப் பெரிதாகப் போயிற்று’ என்று சொல்லிவிட்டு, இரண்டு பெண்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து மூன்று மாதம் இருந்தாள். மாமா ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். திண்ணையில் உட்காருவார். காபி குடிப்பார். போய்விடுவார்.

பிறகு என்ன ஆயிற்று, யார் சமாதானம் பேசினார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. திரும்பிப் போனாள், அவ்வளவுதான். மறு வருடம் தீபாவளிக்குத் துணி எடுக்க மாமா பட்டியல் எழுதி என்னிடம் கொடுத்து லாங்கு பஜாருக்கு அனுப்பினார். கணக்குப்பிள்ளை எழுத்து, அச்சடித்ததுபோல் இருக்கும். பெரியவளுக்குப் பாவாடை, சின்னவளுக்குக் கவுன், அக்காவுக்குப் புடவை, தனக்கு நாலு முழ வேட்டி. கடைசியில் ஒரு வரி: ‘பையன் சட்டை 1, இஞ்ச் 24’. வீட்டில் பையன் இல்லை. “இது யாருக்கு மாமா?” என்று கேட்டேன். “எழுதியிருப்பதை வாங்கி வா” என்றார். வாங்கி வந்து கொடுத்தேன். அக்கா துணிக்கட்டைப் பிரித்தாள். அந்தச் சட்டையை எடுத்துக் காலரைத் தடவிப் பார்த்தாள், டிரங்குப் பெட்டியில் வைத்தாள். தீபாவளியன்று காலையில் பால்காரர் மகன் அதைப் போட்டுக்கொண்டு வெடி வைத்துக்கொண்டிருந்தான்.

வருடா வருடம் அந்த வரி வந்தது. 26 ஆயிற்று, 28 ஆயிற்று, 32 ஆயிற்று. அவர்கள் இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. 1993இல் பட்டியலில் அந்த வரி இல்லை. பிள்ளை இருந்திருந்தால் பதினெட்டு வயது. அக்கா பட்டியலை வாங்கிப் படித்தாள். என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். வாசலில் போன வண்டிக்காரரைக் கூப்பிட்டுக் கத்தரிக்காய் பேரம் பேசத் தொடங்கினாள்.

‘ராபிட் ஹோல்’ படத்தில் அம்மாவாக வரும் டயேன் வீஸ்ட் மகளிடம் பேசும் ஓர் இடம் உண்டு. அவளும் ஒரு மகனைப் பறிகொடுத்தவள். துக்கம் போகாது, ஆனால் ஒரு நேரத்தில் சட்டைப் பையில் கிடக்கும் செங்கல்போல் ஆகிவிடும். மறந்துகூடப் போகும், கையை விட்டால் தட்டுப்படும் என்கிறாள். அந்தக் காட்சியில் எனக்கு அக்காவின் டிரங்குப் பெட்டிதான் கண்ணில் வந்தது.

சரி, உங்கள் குடியாத்தத்துக்கு வருவோம்.

அந்தப் படத்தை அப்படியே இங்கே இறக்கினால் முதல் சிக்கல், தனிமை. பெக்காவும் ஹவியும் பெரிய வீட்டில் இரண்டே பேர். குடியாத்தத்தில் லுங்கித் தறி ஓடும் தெருவில் யாருக்குத் தனிமை கிடைக்கும்? நோயைக்கூட நம் பக்கத்தில் தனியாளாய்ப் பார்ப்பதில்லை, பாகாயத்தில் சி.எம்.சி. மனநல மையத்தில் நோயாளியோடு வீட்டார் ஒருவரும் வந்து தங்குவது நெடுங்கால வழக்கம். துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் வந்துகொண்டே இருப்பார்கள், அவள் ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். படத்தில் துக்கப்பட்ட பெற்றோர் வட்டமாக உட்கார்ந்து பேசும் கூட்டம் வருகிறது. கடவுளுக்கு இன்னொரு தேவதை தேவைப்பட்டது என்று ஒரு தாய் சொல்ல, கடவுள்தானே, அவரே ஒன்றைச் செய்துகொண்டிருக்கலாமே என்று பெக்கா வெடுக்கென்று கேட்டுவிடுகிறாள். உங்கள் கதைக்கு அந்தக் கூட்டம் தேவையில்லை. ‘சாமிக்குப் பிடித்த பிள்ளை, எடுத்துக்கொண்டது’ என்று சொல்ல எதிர்வீட்டுப் பாட்டி இருக்கிறாள். அவளுக்கு உங்கள் நாயகி என்ன பதில் சொல்கிறாள் என்பதில்தான் அவள் யார் என்று தெரியும். பதில் சொல்லாமல் காபி டம்ளரை எடுத்துக் கழுவப் போனாலும் போதும்.

‘இன்னொரு பிள்ளை’ என்ற பேச்சு அங்கே கணவன் மனைவிக்குள் நடக்கிறது. இங்கே மாமியார், நாத்தனார், மருத்துவமனை என்று விரியும். காரணம், நம் மாநிலத்தில் இரண்டாவது பிள்ளையோடு குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்ட பெண்கள் ஏராளம். பிள்ளை போனதும் ‘மறுபடி சேர்த்து வைக்கிற ஆபரேஷன்’ என்ற பேச்சு வரும். 2004 சுனாமியில் பிள்ளைகளை இழந்த தாய்மார்களுக்குத் தமிழக அரசே அதை இலவசமாகச் செய்துகொடுத்தது. யோசித்துப் பாருங்கள்: படத்தில் அவன் கேட்பது ஒரு ராத்திரிப் பேச்சு. இங்கே அதே பேச்சு அவள் உடம்பில் மறுபடி கத்தி வைக்கும் பேச்சு. அவள் ‘வேண்டாம்’ என்றால் பிள்ளை வேண்டாம் என்று பொருளா, கத்தி வேண்டாம் என்று பொருளா, இவனுக்குப் பதில் இன்னொருவனா என்று பொருளா? அவன் எதையும் கேட்க மாட்டான். டெஸ்டுக்கு நாள் வாங்கி வந்துவிடுவான். அன்பில்தான்.

அடுத்தது, பையன். காரை ஓட்டிய பிள்ளையைப் பெக்கா பூங்காவில் சந்திப்பது அந்தப் படத்தின் உயிர். அவன் இணை உலகங்களைப் பற்றி வரைந்துகொண்டிருக்கும் படக்கதையின் பெயர்தான் படத்தின் பெயரும். எங்கோ இன்னொரு உலகத்தில் இன்னொரு நான் சந்தோஷமாக இருக்கிறேன் என்பதில் அவளுக்கு ஓர் ஆறுதல். ஒரு தாயும் ஒரு பையனும் தனியாய்ச் சந்திக்க நம் ஊர் விடாது. லைசென்ஸ் இல்லாத பதினேழு வயதுப் பையன் பைக்கில் வந்து அடித்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2019 சட்டத்திருத்தத்துக்குப் பிறகு பையனின் தகப்பனோ வண்டியின் சொந்தக்காரரோ மூன்று வருடம் வரை சிறைக்குப் போகலாம், 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. அதனால் பையன் வரமாட்டான். அவன் தரப்பில் நாலு பெரியவர்கள் தட்டில் பழத்தோடு வருவார்கள், ‘நடந்தது நடந்துவிட்டது’ என்று தொடங்குவார்கள்.

அந்தச் சமாதானக் காட்சியை எழுத உங்களுக்கு ஆசை வரும். எனக்கென்னவோ, அதைவிடப் பெரிய காட்சி நீதிமன்றத்தில் இருக்கிறது. விபத்து இழப்பீட்டு மனுவில் தாயும் தகப்பனும் இருவரும் மனுதாரர்கள். சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பெயர் கூப்பிடுவதற்காகக் காத்திருக்க வேண்டும். பேசிக்கொள்ளாத இருவர். உள்ளே நடப்பது பிள்ளைக்கு விலை போடும் கணக்கு. சம்பாதிக்காத பிள்ளைக்கு வருமானம் எவ்வளவு? 2013இல் ஒரு பத்து வயதுப் பையன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆண்டு வருமானம் 30,000 ரூபாய் என்று கற்பித்து, மொத்தம் 5 லட்சம் கொடுக்கச் சொன்னது. அந்தத் தீர்ப்பை வக்கீல் இவர்களுக்கு விளக்குவார், நல்ல மனுஷன்தான், கால்குலேட்டரை எடுத்துவைத்துக்கொண்டு விளக்குவார்.

மனுவில் கையெழுத்துப் போடுவது தகப்பனுக்குப் பிள்ளைக்காகச் செய்ய மிஞ்சியிருக்கும் ஒரே வேலை. தாய்க்கு அது பிள்ளையை விற்பது. இருவர் சொல்வதும் நியாயம். பேனாவை நீட்டியபோது அவள் வாங்காமல் இருந்தால் வழக்கு தள்ளிப்போகும். பஸ்ஸில் திரும்பிவரும்போது இருவரும் ஒரே இருக்கையில் உட்காருவார்களா, அவள் பெண்கள் பக்கம் போய்விடுவாளா? உங்கள் படத்தில் சண்டை என்று ஒன்று இருந்தால் அது இதுதான். குரல் உயர வேண்டிய அவசியமே இல்லை.

சடங்கு விஷயத்துக்கு வருகிறேன். இதில்தான் வெளியூர்க்காரர்கள் தவறு செய்வார்கள், நீங்கள் செய்யக்கூடாது. பெரியவர் செத்தால் நம் பக்கத்தில் பதினாறு நாளும் வேலைதான். பந்தல், பங்காளி, மொட்டை, கருமாதி. வசதி இருந்தால் கருமாதி ராத்திரி தெருக்கூத்து. கர்ண மோட்சம் ஆடுவார்கள். பச்சைப் பிள்ளை செத்தால் அநேகமாக இதில் ஒன்றும் கிடையாது. எரிப்பதில்லை, புதைப்பார்கள். சீக்கிரம் எடுத்துவிடுவார்கள். பல வீடுகளில் தாயைச் சுடுகாட்டுப் பக்கம் விடுவதில்லை. துக்கம் மிகப் பெரியதாய் இருக்கும் இடத்தில்தான் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் போகிறது. என் மாமா நான்காம் நாள் மண்டிக்குப் போனதை நான் புரிந்துகொள்ள இருபது வருடம் பிடித்தது. பதினாறு நாள் வீட்டில் உட்கார அவருக்கு ஊர் ஒரு வேலையும் கொடுத்திருக்கவில்லை.

பெண்களுக்காவது ஒப்பாரி இருக்கிறது. ஆணுக்கு? கூத்து இருக்கிறது. கர்ண மோட்சம் பார்த்திருப்பீர்கள். முன்ராத்திரி முழுக்கக் கர்ணனுக்கும் பொன்னுருவிக்கும் வாக்குவாதம், புருஷன் பெண்டாட்டி சண்டைதான். கட்டியங்காரன் நடுவில் புகுந்து சிரிக்க வைப்பான். விடியற்காலம் கர்ணன் சாய்ந்தபின் குந்தி வந்து அவனை மடியில் போட்டுக்கொண்டு, இவன் என் பிள்ளை என்று ஊரறிய முதல்முறையாகச் சொல்லி அழுவாள். அந்த நேரத்தில் பந்தலின் பின்வரிசையில் பீடியோடு உட்கார்ந்திருக்கும் ஆண்களின் முகத்தைப் பாருங்கள். யாருக்காக அழுகிறாய் என்று அங்கே யாரும் கேட்க மாட்டார்கள். உங்கள் நாயகனை வேறு யாரோ ஒரு கிழவரின் கருமாதிக் கூத்துக்கு அனுப்புங்கள். ஒரே ஒரு வேண்டுகோள், அதை உச்சக்காட்சியாக வைக்காதீர்கள். படத்தின் நடுவில் வையுங்கள். அவன் அழுதது அவளுக்குத் தெரியவே கூடாது. விடிந்து வீடு வருகிறான், கண் சிவந்திருக்கிறது, ‘ராத்திரியெல்லாம் கூத்துப் பார்க்க உமக்கு மனசு வந்ததா’ என்கிறாள் அவள்.

அதே காரணத்துக்காக, வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவைத் திணிக்க வேண்டாம். கூட்டமும் வாணவேடிக்கையும் சும்மாவே கிடைக்கின்றன என்று கை துறுதுறுக்கும், தெரியும். ஊர் முழுக்கக் கொண்டாட்டம், வீட்டுக்குள் இருட்டு என்பதை எத்தனை படத்தில் பார்த்துவிட்டோம். திருவிழாவுக்கு மறுநாள் குப்பை கூட்டுகிறார்களே, அந்தத் தெருவை வேண்டுமானால் எடுங்கள்.

இன்னொரு யோசனை. உங்கள் கதையில் பிள்ளை ஆணாகவே இருக்க வேண்டுமா? பெண்ணாக மாற்றினால் ஒரு கதவு திறக்கும். நம் பக்கத்தில் கன்னியாகச் செத்த பெண்ணை, சுமங்கலியாகச் செத்த பெண்ணை வீட்டுச் சாமியாக வைத்துக் கும்பிடும் வழக்கம் உங்களுக்குத் தெரியும்: பூவாடைக்காரி. வீட்டில் கல்யாணம், காட்சி என்றால் முதலில் அவளுக்குப் புதுத்துணி வைத்துப் படையல். சின்னப் பெண் என்றால் பாவாடை சட்டை. செத்தவர்களை மறந்துவிட்டு நகர்வதுதான் குணமாவது என்று மேலைநாட்டு உளவியல் வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தது. 1996இல்தான் டென்னிஸ் கிளாஸும் உடன் இருவரும் சேர்ந்து, செத்தவரோடு உறவு தொடர்வதும் இயல்புதான் என்று ஒரு தொகுப்பே கொண்டுவந்தார்கள். நம் கிழவிகள் அதற்கு எந்தக் காலத்திலோ கூரைப் பெட்டியில் துணி மடித்து வைத்துவிட்டார்கள். நாத்தனார் கல்யாணத்துக்குப் படையல் போடும்போது ‘குழந்தைக்கும் ஒரு பாவாடை வையுங்கள்’ என்று யார் முதலில் சொல்கிறார்கள்? துணிகளையெல்லாம் கொடுத்துவிட்ட அவளா, வீடியோ பார்த்துக்கொண்டிருக்கும் அவனா, இருவருமே சொல்லாமல் மாமியார் சொல்கிறாளா? எனக்கு மாமியார்தான் பிடித்திருக்கிறது. அதுவரை படம் முழுக்க ‘இன்னொன்று பெற்றுக்கொள்’ என்று நச்சரித்தவள் அவள்.

முடிவைப் பற்றிக் கேட்காவிட்டாலும் சொல்கிறேன், ஏனென்றால் இந்த வகைப் படங்கள் அங்கேதான் கால் இடறும். கட்டிப் பிடித்து அழவைத்தால் பொய். பிரித்துவிட்டால் அதுவும் பெரும்பாலும் சோம்பேறித்தனம். அமெரிக்கப் படத்தில் இருவரும் நண்பர்களை மதிய விருந்துக்கு அழைக்கலாம் என்று திட்டமிடுகிறார்கள். வந்தவர்கள் என்ன கேட்பார்கள், நாம் என்ன பதில் சொல்வோம் என்று பேசிக்கொள்கிறார்கள். கடைசியில் தோட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஒன்றும் தீரவில்லை. நாளைக்கு என்ன செய்வது என்பது மட்டும் முடிவாகியிருக்கிறது.

மருத்துவம் தெரிந்த ஒரு பாத்திரத்தைக் கொண்டுவந்து ‘இது ஒரு நோய்’ என்று சொல்ல வைக்காதீர்கள். நீடித்த துக்கம் என்று ஒரு கோளாறை உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலின் 11ஆம் பதிப்பில் சேர்த்திருப்பது உண்மை. ஆனால் குறைந்தது 6 மாதம் என்பதோடு, அவரவர் சமூகத்தின், மதத்தின் வழக்கத்துக்கு மிஞ்சியதாகவும் இருக்க வேண்டும் என்று அதுவே சொல்கிறது. பதினொரு தீபாவளிக்குச் சட்டை எடுத்த மாமாவை எந்தப் பட்டியலில் வைப்பீர்கள்? அதே சமயம், உங்கள் நாயகி சாப்பிடாமல் தூங்காமல் செத்துப்போக வேண்டும் என்று பேசத் தொடங்கினால், யாராவது அவளை அழைத்துக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும். அதைச் செய்கிறவன் அவனாக இருக்கட்டும்.

ஐந்து காட்சிகளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதுங்கள், தம்பி. முழுத் திரைக்கதை இப்போது வேண்டாம். சத்துவாச்சாரி வராந்தாவில் அவன் பேனாவை நீட்டும் அந்த ஒரு காட்சியை மட்டும் எழுதி அனுப்புங்கள். வசனம் பத்து வரிக்கு மேல் போனால் திருப்பி அனுப்பிவிடுவேன்.